முதலில் ஊர் இதிரில் சேர்த்துவிடுங்கள்: தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பி வைக்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் எத்தியோப்பியாவின் கோஜ்ஜாம் பகுதியில், டெப்ரே மார்க்கோஸ் என்ற ஊரில், ஆசிரியர் பயிற்சிப் பணிக்காகப் போய்த் தங்கியிருந்தவள். உங்களில் ஓர் அமைப்புதான் என்னை அனுப்பியது. எது என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பக்கத்து ஊர்களில் வேறு அமைப்புகள் வழியாக வந்திருந்தவர்களோடும் பேசியிருக்கிறேன், எல்லோரிடமும் இதே கதைதான். ஊருக்குள் போய் இறங்கிய வாரமே வேலைத்திட்டம் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். பயிற்சி வகுப்பு, குழு தொடங்குவது, மாத அறிக்கை என்று எல்லாமே அதில் இருக்கும், அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இருக்காது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் புதுக் குழு ஒன்றைத் தொடங்கச் சொல்வதற்கு முன், அங்கே ஏற்கனவே இருக்கிற சங்கங்களோடு உங்கள் ஆள் சில மாதமாவது பழகட்டும். அந்தப் பழக்கத்தை வேலை நேரமாகவே கணக்கில் எடுங்கள்.

இதிர் என்றால் என்ன என்று உங்கள் தலைமை அலுவலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? சாவுக்கென்று மக்களே வைத்திருக்கும் சங்கம் அது. எத்தியோப்பிய நகரங்களில் இதிர் இல்லாத பகுதியைப் பார்ப்பது அரிது. 1936 முதல் 1941 வரை இத்தாலியர்கள் பிடித்து வைத்திருந்த காலத்துக்குப் பிறகு நகரங்களில் வேகமாகப் பரவியது என்கிறார்கள். ஒவ்வொரு வீடும் மாதாமாதம் ஒரு சிறிய தொகை கட்டும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் சங்கத்திலிருந்து பணம் வரும், கூடாரம் வரும், பெஞ்சு, அண்டா, தட்டு எல்லாம் வரும், அதைவிட முக்கியமாக ஆட்கள் வருவார்கள், வராதவர்களுக்கு அபராதம் உண்டு. எழுதி வைத்த விதிகள் உண்டு, தேர்ந்தெடுத்த தலைவர் உண்டு, கணக்குப் பார்ப்பவர் உண்டு. பேரரசர் காலம் போய், 1974-இல் ராணுவ ஆட்சி வந்து, 1991-இல் அதுவும் போய், எத்தனையோ அரசாங்கத் திட்டங்கள் வந்து மறைந்த பிறகும் இதிர் நிற்கிறது. 2000-களில் எய்ட்ஸ் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுபோன காலத்தில், அடிஸ் அபாபாவிலும் மற்ற ஊர்களிலும் பல இதிர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு உதவவும் இறங்கின. இதையெல்லாம் கட்டி எழுப்ப எந்த வெளிநாட்டு நிபுணரும் போகவில்லை.

நான் குடியிருந்த வளாகத்தில் வீட்டுக்கார அம்மாவின் அண்ணன் இறந்துபோனார். விடியும் முன்பே தெருத்தெருவாக ஒருவர் கொம்பு ஊதிக்கொண்டு போனார், இதிர் உறுப்பினர்களுக்கு அதுதான் தகவல். நான் எழுந்து வெளியே வருவதற்குள் முற்றத்தில் கூடாரத்துக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். இழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அதனால் பெண்கள் அவரவர் வீட்டில் தோசை மாதிரியான இன்ஜெரா சுட்டுக் கூடை கூடையாகக் கொண்டு வந்தார்கள். அடக்கம் முடிந்தபின் மூன்று நாள் யாரும் அந்தக் குடும்பத்தைத் தனியாக விடவில்லை. அவித்த கோதுமையும் கொண்டைக்கடலையும் கலந்த நிஃப்ரோவைக் கைநிறைய வாங்கிக்கொண்டு, பேச்சே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் எல்லோருக்கும் வேலை. நானும் உட்கார்ந்திருந்தேன். கல்லூரி முதல்வர் வந்தார், என் துறை ஆசிரியர்கள் எல்லோரும் வந்தார்கள், என்னை அங்கே பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்துவிட்டுப் பக்கத்திலேயே இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். அதுவரை என் பயிற்சிக்கு மரியாதைக்காக வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பறையில் உண்மையிலேயே என்ன கஷ்டம் என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை புத்தகம், எந்தப் பாடம் அவர்களுக்கே புரியவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஆனால் உங்கள் படிவத்தில் அந்த மூன்று நாளும் விடுப்பாகத்தான் ஏறியது. வேறு கட்டமே அதில் இல்லை.

அப்புறம் அந்த மகளிர் சேமிப்புக் குழு விஷயம். எங்கள் பகுதியில் அதைத் தொடங்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து வந்தது. அந்தத் தெருப் பெண்கள் ஏற்கனவே எகுபில் இருந்தார்கள். எகுப் என்பது நம்மூர்க் குலுக்கல் சீட்டேதான், வாரமோ மாதமோ பணம் போட்டு, பேர் விழுந்தவருக்கு மொத்தத் தொகையும் போகும், வட்டி கிடையாது. யாருக்காவது அவசரம் என்றால் பேர் விழுந்தவர் தன் முறையை விட்டுக்கொடுத்து நான் பார்த்திருக்கிறேன். இதுபோக, அவர்களுடைய மாதத்தில் 21-ஆம் தேதி மரியாளின் நாள், அன்றைக்குக் கூடுகிற மஹ்பெர் என்ற பக்திச் சங்கம் வேறு இருக்கிறது. இத்தனையும் இருக்கும்போது புதுக் குழு எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி, நானும் அதையே எழுதி அனுப்பினேன். நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பிய திட்டத்தில் அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது என்று பதில் வந்தது. கணக்குப் புத்தகங்கள் அச்சடித்து வந்தன. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் படி கொடுத்தவரை கூட்டம் நடந்தது, படி நின்றதும் கூட்டமும் நின்றது. எகுப் அதே தெருவில் அதே பெண்களோடு நடந்துகொண்டே இருந்தது. அச்சுக்குப் போன பணத்தை அந்தப் பெண்களிடமே கொடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கலாம்! எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

நேரக் கணக்கும் விரதக் கணக்கும் சின்ன விஷயங்களாக உங்களுக்குத் தெரியலாம். நான் போய் இறங்கியது 2012 செப்டம்பர். அவர்களுக்கு அப்போதுதான் 2005 பிறந்திருந்தது. முப்பது நாள் கொண்ட 12 மாதங்கள், அதற்குப் பிறகு ஐந்தோ ஆறோ நாள் மட்டும் கொண்ட 13-ஆவது மாதம். பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள், நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. பஸ் டிக்கெட்டில் 11 என்று போட்டிருந்தால் விடிகாலை 5 மணிக்கு நிலையத்தில் நிற்க வேண்டும். இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் அறிமுகப் பயிற்சி இல்லை, அடிஸ் அபாபாவிலிருந்து ஊருக்குப் போன பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டி. அபாய் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நீல நைல் என்று நாம் பள்ளியில் படித்த அதே ஆறு, ஆயிரம் மீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து இறங்கி மறுபடியும் அதே அளவு ஏறும் பாதை அது. வழியெல்லாம் வறுத்த வாற்கோதுமையை என் கையில் கொட்டிக்கொண்டே வந்தார், விரலை மடக்கி மணி எண்ணச் சொல்லிக்கொடுத்தார்.

விரத விஷயத்துக்கு வருகிறேன். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும், பெரிய நோன்பில் ஈஸ்டருக்கு முன் தொடர்ந்து 55 நாளும், இறைச்சி, பால், முட்டை எதையும் தொட மாட்டார்கள். கோஜ்ஜாமில் பெரும்பாலானவர்கள் ஆர்த்தடாக்ஸ்தான். தலைநகரிலிருந்து வந்து ஒரு வெள்ளிக்கிழமை பயிலரங்கு நடத்திய அமைப்பு மதியத்துக்கு ஆட்டுக்கறியும் பால் டீயும் ஏற்பாடு செய்திருந்தது. தொலைதூரப் பள்ளிகளிலிருந்து விடியும் முன்பே நடந்து வந்த ஆசிரியர்கள் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்த ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள், பருப்பும், ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்பும், கீரையும் வைத்து இன்ஜெரா போட்டிருந்தால் செலவும் குறைவு.

காபியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பச்சைக் கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முன்னாலும் காட்டி, இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்க வைத்து, கைப்பிடி இல்லாத சின்னச் சின்னக் கோப்பைகளில் மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரகா. மூன்றாவது முடியும் முன் எழுந்து போவது நல்ல பழக்கம் இல்லை. இதற்கு ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம் ஆகும், ஊர் விஷயம் முழுக்க அங்கேதான் பேசுவார்கள். நவம்பர், டிசம்பரில் மலைக் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள் என்று நாங்கள் கல்லூரியில் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தோம். தெஃப் என்ற சிறுதானியத்தின் அறுவடை, வொன்ஃபெல் முறையில் ஒரு வீட்டு வயலுக்கு மற்ற வீட்டார் எல்லோரும் முறைவைத்துப் போவார்கள், பெரியவர்கள் வயலில் இருப்பதால் மாடும் கைக்குழந்தையும் பிள்ளைகள் பொறுப்பு என்று, தோனா ஊற்றிக்கொண்டே வீட்டுக்கார அம்மா சொல்லி முடித்துவிட்டார். எந்த வாரம் எந்தக் கிராமத்தில் அறுப்பு என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்துத்தான் எங்கள் மாணவ ஆசிரியர்களின் களப்பயிற்சி வாரங்களை மாற்றி அமைத்தோம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மொழிப் பயிற்சியைத் தலைநகர் ஓட்டலில் இரண்டு வாரம் என்று முடிக்காமல், போகிற ஊரிலேயே, ஒரு குடும்பத்தோடு தங்க வைத்து, மூன்று மாதமாவது கொடுங்கள். அந்த மூன்று மாதத்துக்கு இலக்கு எதுவும் வைக்காதீர்கள். திட்டம் எழுதி நிதிக்கு அனுப்பும் முன் அந்த ஊர் இதிர் தலைவர்களிடம், பெண்கள் இதிர் தனியாக இருந்தால் அவர்களிடமும், வாசித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எடுத்துவிடுங்கள். எத்தியோப்பியா இல்லாமல் வேறு நாடாக இருந்தால் இதிருக்கு வேறு பெயர் இருக்கும், அதை யார் நடத்துகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் ஆளின் முதல் மாத வேலையாக இருக்கட்டும். மாதப் படிவத்தில் இழவு, கல்யாணம், திருவிழா, காபி என்று ஒரு கட்டம் போடுங்கள்.

இன்னொன்று, இது உடனே செய்யக்கூடியது. டெப்ரே மார்க்கோஸ் மாதிரி ஓர் ஊருக்கு அடுத்து யாரை அனுப்பினாலும், அவருக்குக் கொடுக்கும் மாத உதவித்தொகையில் இதிர் சந்தாவையும் சேர்த்துக் கொடுங்கள். ரொம்பக் குறைந்த தொகைதான். சந்தா எங்கே கட்டுவது என்று அவர் குடியிருக்கும் வீட்டிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோஜ்ஜாமில் பணியாற்றிய முன்னாள் தன்னார்வலர் ஒருவர்