செயலாளர் ஆண்டறிக்கை: கொட்டகையில் பளு தூக்கும் பார் வந்த வருடம்

தலைவர் அவர்களுக்கும், மூத்த ஆட்டக்காரர்களுக்கும், மைதான ஓரத்தில் காத்திருந்து கால் வலித்த பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ஆட்ட முடிவுகள் பலகையில் ஒட்டியிருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் நம் கால்பந்து கிளப் கொட்டகையில் தொடங்கிய பளுப் பயிற்சியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். போன பொதுக்குழுவில் குரல் உயர்ந்ததும் அதற்காகத்தானே.

"ஃபுட்பால் ஆடுறவனுக்கு வெயிட் எதுக்கு? உடம்பு இறுகிடும், ஓட்டம் போயிடும். பாலாத்து மணல்ல ஓடினா போதாதா?" என்று அன்று கேட்ட அண்ணன் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார். மணல் ஓட்டத்தை விட்டுவிடவில்லை அண்ணே. ஆனால் வேலூர் சத்துவாச்சாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் பளு தூக்கத் தெரியாமல் இருக்கலாமா? அந்த ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் இரண்டு வகைத் தூக்கலில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்டு கோஸ்டிலும் தங்கம். சத்துவாச்சாரியில் பளு தூக்கிப் பழகிய பெரியவர் ஒருவர் வாரம் இரண்டு மாலை நம்மிடம் வந்தார். டீயைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் மூன்று வாரம் அவர் பாரில் எடைத் தட்டு மாட்டவே விடவில்லை. முதலில் மூங்கில் கழி, அப்புறம் 20 கிலோ வெறும் பார். ஸ்குவாட், அதாவது தோளில் பாரோடு உட்கார்ந்து எழுவது. அதில் உட்காரும்போது குதிகாலுக்கு அடியில் பேப்பர் துண்டு ஒன்றை வைத்து உருவுவார். பேப்பர் கையோடு வந்துவிட்டால் குதிகால் தூக்கிவிட்டது என்று அர்த்தம், மறுபடி கழியிலிருந்து. நம் சென்டர் பேக்கிடம் அந்தப் பேப்பர் எட்டு நாள் வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் குதிகால் அழுத்தியதில் கிழிந்தது. கொட்டகையே கைதட்டியது.

பாரைவிட அதிகம் திட்டு வாங்கியது நார்டிக் என்ற பயிற்சி. முட்டி போட்டு நிற்க வேண்டும், கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். விழாமல் தாங்குவது தொடையின் பின்பக்கம்தான். வேகமாக ஓடும்போது பிடித்துக்கொள்வதும் அதே இடம். டென்மார்க்கில் 50 அணிகளை வைத்து நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் 15 ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்தசை) காயங்கள், செய்யாத அணிகளில் 52. அவர்கள் முதல் வாரம் ஒரே நாள், ஐந்தைந்தாக இரண்டு செட் மட்டுமே செய்தார்கள். நம் பையன்கள் ஆர்வத்தில் முதல் நாளே மூன்று செட் போட்டார்கள். மறுநாள் ஒருவனுக்கும் பஸ் படி ஏற முடியவில்லை.

இன்னொரு தப்பு என்னுடையது. வெளியூர் ஆட்டத்துக்கு முந்தின மாலை, "பயிற்சி விடக்கூடாது" என்று கனமான ஸ்குவாட் போடவைத்தேன். இரண்டாம் பாதியில் எல்லார் காலும் கல்லாக இருந்தது; ஜெயிக்க வேண்டிய ஆட்டம் போனது. இப்போது ஆட்டத்துக்கு முந்தின இரண்டு நாள் பாரைத் தொடுவதில்லை. சீசன் நடக்கும்போது செட்டைக் குறைக்கிறோம், எடையைக் குறைப்பதில்லை. சீசனில் அடியோடு நிறுத்தினால் சேர்த்த பலம் சில வாரங்களில் கரைய ஆரம்பித்துவிடும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

காயம் இந்த வருடம் குறைவுதான். ஆனால் மழையால் ஆட்டங்களும் குறைந்தன. ஆகவே நான் மார்தட்டப் போவதில்லை.

சிறுவர்களுக்கும் பெண்கள் அணிக்கும் ஃபிஃபாவின் லெவன் பிளஸ் என்ற காயத் தடுப்பு வார்ம்-அப் வைத்திருக்கிறோம். 15 பயிற்சிகள், 20 நிமிடம், பந்து தவிர சாமான் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்தபோது காயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008இல் எழுதினார்கள். குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே மடியாமல் பார்ப்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. பெண்கள் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். சிறுவர்கள் பாதியில் பந்தை உதைத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள்.

பாரைத் தரையில் போட்டு இரண்டு டைல்ஸ் உடைந்ததற்கு இடத்துக்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ரப்பர் மேட் வாங்க நன்கொடை வேண்டும். 15 கிலோ பார் ஒன்றும் தேவை. பெண்கள் கைக்கு இப்போதிருப்பது தடிமன். சாவி டீக்கடையில் இருக்கும், எடுப்பவர் நோட்டில் கையெழுத்துப் போடவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இப்படிக்கு,
செயலாளர்