கம்பெனி ஃபிட்டிங்

அன்பு பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மா அனுப்புகிற மாவடு பாட்டிலோடு இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் அது பாட்டில் எண்ணெயா என் கை எண்ணெயா என்று ஆராயாதே. போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், "விடுப்பா, புதுசு ஒண்ணு ஆர்டர் போடறேன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாய்.

நீ பூனாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சாம்சங் எம்31 போனைப் பற்றித்தான். நல்ல போன், குறையே சொல்ல முடியாது. 6000 எம்ஏஎச் பேட்டரி, ஒரு தடவை சார்ஜ் போட்டால் எனக்கு ரெண்டு நாள் ஓடும். பேச, வாட்ஸ்அப் பார்க்க, மத்தியானம் பட்டறையில் ஆள் இல்லாத நேரத்தில் கேரம் ஆட. அதற்கு மேல் நான் அதைத் தொந்தரவு செய்ததில்லை.

ஆனால் இப்போதெல்லாம் பஞ்சர் ஒட்ட வருகிறவன்கூட "அண்ணே, ஸ்கேன் பண்ணலாமா?" என்றுதான் கேட்கிறான். பக்கத்து டீக்கடைக்காரர் அட்டையைக் காட்டிவிட்டு, சாயங்காலம் அவரிடம் காசாக வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல மனுஷன்தான். ஆனாலும் நாற்பது வருஷமாக ஸ்பானர் பிடிக்கிறவன் தன் கூலிக்கு டீக்கடை வாசலில் நிற்பது நன்றாகவா இருக்கும்? சரி, நாமே வைத்துக்கொள்வோம் என்று பேங்க் ஆப்பைப் போட்டேன். திறந்த வேகத்தில், இந்தப் போன் ரூட் செய்யப்பட்டிருக்கிறது, ஆப் இயங்காது என்று எழுத்து வந்தது. எனக்குத் தெரிந்த ரூட் திருப்பரங்குன்றம் பஸ் ரூட்தான். பேங்கில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் போனை வாங்கிக்கூடப் பார்க்காமல், "வேற போன் மாத்துங்க சார்" என்றாள்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். "ரீசெட் போட்டா சரியாயிரும்ணே, ஐநூறு ரூபா" என்றான். போட்டான். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்றைக்குத் தல்லாகுளத்தில் நானும் அம்மாவும் நின்று எடுத்த படமெல்லாம் அதில் போய்விட்டது. காப்பி எடுக்கச் சொல்லி அவன் கேட்கவுமில்லை, எனக்கும் தோன்றவில்லை. அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தால் அதே எழுத்து.

அப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்தது. உன் சித்தப்பா மகன் பாலிடெக்னிக் படிக்கிறானே, அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன நடந்திருக்கிறது என்று முதலிலிருந்து கேட்டேன். அவன் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, எனக்கு எல்லாம் பட்டறைக் கணக்கிலேயே விளங்கியது.

ஃபேக்டரி ரீசெட் என்பது நாம் சேர்த்துவைத்த படம், பேச்சு, ஆப்பு இதையெல்லாம் துடைப்பது. வண்டிக்கு வாட்டர் சர்வீஸ் மாதிரி. நீ கைவைத்த இடம் அது இல்லை. போன் கண் விழிக்கும்போது முதலில் ஓடுகிற பூட் என்ற பகுதியில், போனின் முழு அதிகாரத்தையும் கையில் கொடுக்கிற மேஜிஸ்க் என்ற மென்பொருளைச் சொருகியிருக்கிறாய். அதற்குத்தான் ரூட் என்று பேராம். அதற்கும் முன்னால், கம்பெனியுடையது அல்லாததை ஏறவிடாமல் காவல் காக்கிற பூட்லோடர் பூட்டைத் திறந்திருக்கிறாய். போரிங் பண்ணிப் பெரிய பிஸ்டன் போட்ட ஆர்எக்ஸ் 100-ஐ எத்தனை தடவை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் சிலிண்டர் பழைய அளவுக்கு வருமா? அந்தக் கடைக்காரன் கழுவித்தான் கொடுத்தான்.

பேங்க் ஆப் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதையும் கேட்டேன். அது கூகுளிடம் விசாரிக்கிறதாம். பிளே இன்டெக்ரிட்டி என்று அதற்குப் பெயர். இந்தப் போன் கம்பெனி விட்டபடி இருக்கிறதா, பூட்லோடர் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பதில் சொல்லும். மேஜிஸ்க்கை மட்டும் எடுத்துவிட்டால் போதாது, பூட்டும் பூட்டியிருக்க வேண்டும். இதில் எனக்குப் பேங்க் மேல் கோபம் போய்விட்டது. எவன் வேண்டுமானாலும் உள்ளே போய் எதையும் மாற்றலாம் என்கிற வண்டிக்கு நானே எஃப்சி கொடுக்க மாட்டேன்.

கம்பெனி சாஃப்ட்வேரையே மறுபடி ஏற்றிப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்து, நீ விட்டுப்போன லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தோம். நான் முதலில் செய்தது, *#06# அடித்து வந்த, போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் ரெண்டையும் பட்டறை நோட்டில் எழுதிக்கொண்டது. என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் குறிக்காமல் நான் எந்த வண்டியையும் பிரித்ததில்லை. ரீசெட்டுக்குப் பிறகு சேர்ந்த நாலைந்து படத்தையும் லேப்டாப்பில் போட்டாயிற்று, சூடுபட்ட பூனை. அப்புறம் கூகுள் கணக்கை எடுத்துவிட்டோம். எடுக்காமல் விட்டால், எல்லாம் முடித்துப் பூட்டிய பிறகு பழைய கணக்கைக் கேட்டு நிற்குமாம்.

கம்பெனி சாஃப்ட்வேர் பெரிய கோப்பு, நாலைந்து ஜிபி. தம்பி ராத்திரி முழுக்க இறக்கிவைத்துவிட்டுக் காலையில் ரெடி என்றான். நான் நம்பரைப் படிக்கச் சொன்னேன். அவன் இறக்கியது எஸ்எம்-எம்317எஃப். போனில் எழுதியிருந்தது எஸ்எம்-எம்315எஃப். ஒன்று எம்31எஸ், மற்றது எம்31. "பேரு ஒண்ணுதான பெரியப்பா" என்கிறான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு நம்பர் மாறினால் பேரிங் உட்காராது என்று அவனுக்கு ஒரு வகுப்பு எடுத்து, மறுபடி இறக்கச் சொன்னேன். இந்தியாவுக்கான ஐஎன்எஸ் என்ற குறியீடும் பார்க்க வேண்டியிருந்தது. இன்னொன்று, சாஃப்ட்வேர் பதிப்புக்கு இருக்கிற நீள நம்பரில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து. போனில் இருப்பதைவிட அது குறைவாக இருந்தால் போன் ஏற்காது. மேலே ஏறலாம், கீழே இறங்க முடியாது. உன் போனுக்கு ஆண்ட்ராய்டு 12-தான் கம்பெனி கடைசியாகக் கொடுத்தது, அதையே எடுத்தோம்.

எங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் எடுக்கிற நாளைப் பேப்பரில் பார்த்து, அதைத் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். லேப்டாப் பேட்டரி கால்மணி நேரம்கூட நிற்காது, பாதியில் அணைந்தால் போனும் பாதியில் நிற்கும்.

நீ செய்தவள்தானே, உனக்குத் தெரியாததா? ஆனாலும் நான் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போனை அணைத்து, ரெண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகினேன். நீலத்திரை வந்தது. வால்யூம் மேல்பட்டனை லேசாக அழுத்தினால், சாஃப்ட்வேரை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிற டவுன்லோட் மோட். லேப்டாப்பில் போனுக்குச் சாஃப்ட்வேர் ஏற்றுகிற ஓடின் என்ற புரோகிராம் திறந்து வைத்திருந்தது, ஆனால் போன் வந்ததாகவே காட்டவில்லை. அரைமணி நேரம் டிரைவரை ஏற்றி இறக்கினான் தம்பி. கடைசியில் பார்த்தால் கேபிள் கோளாறு. பஸ் ஸ்டாண்டில் வாங்கியது, சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாது. உன் பழைய பெட்டியில் கிடந்த கேபிளைப் போட்டதும் ஓடினில் ஒரு கட்டம் நீலமாக மாறியது. நோய் கார்புரேட்டரில் என்று நினைத்துப் பிரித்துப் போட்டு, கடைசியில் பெட்ரோல் குழாயில் தூசி இருந்த கதைதான்.

நாலு கோப்பு, நாலு கட்டம். பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி. ஏபி-யைக் கொடுத்ததும் ஓடின் அப்படியே உறைந்துபோகும், பயப்படக் கூடாது, அவ்வளவு பெரிய கோப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. சிஎஸ்சி-யில் ரெண்டு விதம் இருந்தது. ஹோம் சிஎஸ்சி போட்டால் உள்ளே இருப்பதை விட்டுவைக்கும், வெறும் சிஎஸ்சி எல்லாவற்றையும் துடைக்கும். பழைய மிச்சம் எதுவும் வேண்டாமென்று துடைப்பதையே போடச் சொன்னேன். பட்டனை அமுக்கியதும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன், பார்க்கத் தெம்பில்லை. "பாஸ் ஆயிருச்சு பெரியப்பா" என்று சத்தம் கேட்டுத்தான் உள்ளே வந்தேன். பச்சைக் கட்டத்தில் பாஸ் என்று நின்றது. நீ பன்னிரண்டாம் வகுப்பில் பாஸானபோதுகூட நான் இவ்வளவு கை நடுங்கியதில்லை, ஏனென்றால் நீ பாஸாவாய் என்று தெரியும்.

முதல் தடவை போன் எழுந்திருக்க ரொம்ப நேரம் எடுத்தது. நன்றாக எழுந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பூட்டப் போனோம். இந்த வரிசை மாறக்கூடாது. கம்பெனியுடையது அல்லாத ஏதாவது உள்ளே இருக்கும்போது பூட்டிவிட்டால் போன் எழவே எழாது. மறுபடி அதே நீலத்திரை, அதே மேல்பட்டன், இந்தத் தடவை நீளமாக அழுத்த வேண்டும். பூட்டவா என்று கேட்டது, ஆமாம் என்றோம். மறுபடி ஒரு தடவை எல்லாம் துடைத்துக்கொண்டு வந்தது. போன் ஆன் ஆகும்போதெல்லாம் பூட்லோடர் திறந்திருக்கிறது என்று ஒரு பயமுறுத்தல் வருமே, நான் அதைக் கம்பெனி விளம்பரம் என்று ரெண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது போய்விட்டது.

முழுக்கப் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. ராமராயர் மண்டபத்தில் ராத்திரி முழுக்கப் பத்து அவதாரம் காட்டினாலும் மலைக்குப் போகும்போது அழகர் அழகராகவே போகிறார். போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாக்ஸ் என்று உள்ளே ஒரு ஃப்யூஸ் இருக்கிறதாமே. கம்பெனியுடையது அல்லாததை ஒரே ஒரு தடவை ஏற்றினாலும் அது எரிந்து, அதன் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஒன்றாகிவிடும். ஒன்றைத் திரும்பப் பூஜ்யமாக்க யாராலும் முடியாது. செக்யூர் ஃபோல்டர் இனி இந்தப் போனில் திறக்காது. எனக்கு அதில் வைக்க ரகசியம் ஒன்றுமில்லை, நஷ்டமில்லை. ஆனால் கம்பெனி என்ஜின் போல்ட்டில் வைத்து அனுப்புகிற பெயிண்ட் பொட்டு ஞாபகத்துக்கு வந்தது. ஸ்பானர் பட்டால் பொட்டு விரியும். திரும்ப எவ்வளவு கச்சிதமாக முறுக்கினாலும், திறந்தவனுக்குத் தெரியும்.

பேங்க் ஆப் திறந்துவிட்டது. சிம்மிலிருந்து அதுவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, நம்பரைச் சரிபார்த்து, உள்ளே விட்டது. பட்டறைச் சுவரில் அட்டை ஒட்டிவிட்டேன். கேரம் ஆடும்போது மட்டும் இப்போது ரெண்டு ஆட்டத்துக்கு ஒரு விளம்பரம் வருகிறது. முன்பு வராது. அதை அடைத்துவைத்தது நீதான் என்று இப்போதுதான் தெரிகிறது. அதற்கு ஒரு நன்றி.

திறந்ததற்கு நான் உன்னைத் திட்டவில்லை பாப்பா. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஏழு வயதில் என் டார்ச் லைட்டைப் பிரித்துப் போட்டு ஸ்பிரிங்கைத் தொலைத்தவள் நீ. எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்று. இன்னொருத்தர் கைக்குக் கொடுக்கும்போது என்னென்ன மாற்றியிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டறையில் ஒரு கார்புரேட்டர் ஜெட் மாற்றினாலும் நான் நோட்டில் எழுதிச் சொந்தக்காரனிடம் காட்டித்தான் சாவி கொடுப்பேன். நீயே எத்தனையோ நாள் எழுதியிருக்கிறாய், உன் கையெழுத்து இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறுத்துகிறது. நீ காலேஜுக்கு ஓட்டிய ஸ்கூட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருஷமும் "45-க்கு மேல போகவே மாட்டேங்குதுப்பா, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா" என்று சண்டை போட்டாயே. நான் பிளக்கைத் துடைத்து, ஃபில்டரைத் தட்டி, ஏதோ பார்க்கிற மாதிரி பார்த்துக் கொடுப்பேன். வண்டியில் குறை ஒன்றுமில்லை. ஆக்சிலேட்டர் முழுசாகத் திறக்காதபடி முதல் நாளே நான் ஒரு ஸ்டாப்பர் வைத்திருந்தேன். பழங்காநத்தம் பாலத்தில் லாரிகள் வருகிற வேகத்தைத் தினமும் பார்க்கிறவன் நான். விற்கும்போது அதைக் கழற்றிவிட்டேன். வாங்கியவர் அடுத்த வாரமே வந்து, வண்டி பறக்கிறது அண்ணே என்றார். அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

மாவடுவைப் பதினைந்து நாள் கழித்துத் திற, உப்பு இன்னும் பிடிக்கவில்லையாம்.

அப்பா