பால்குடிக் குட்டிகளுக்குப் பறவைக் காய்ச்சல் எப்படி வந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பறவைக் காய்ச்சல் என்றால் நம் பத்திரிகைகளில் முட்டை விலையும் நாமக்கல் பண்ணைகளும்தான். பண்ணைக்காரர் பிழைப்பு அதில் இருக்கிறது, எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காய்ச்சலைத் தரும் அதே எச்5என்1 வைரஸ் கடல் விலங்குகளைச் சூறையாடியது பற்றி நம் பக்கங்களில் விரிவாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

நான் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். 1996 அக்டோபரில் அலுமினா இறக்க அர்ஜென்டினாவின் புவெர்ட்டோ மாத்ரின் துறைமுகத்துக்குப் போனோம். ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. நாலு பேர் வேன் பிடித்து, சரளை ரோட்டில் புழுதி தின்றுகொண்டே வால்தெஸ் தீபகற்பத்தின் புந்தா டெல்காடா முனைக்குப் போனோம். மேட்டில் நின்று பார்த்தால் கரை நெடுக யானைச் சீல்கள். துதிக்கை போல மூக்குள்ள ஆண்கள் டன் கணக்கில் கிடக்க, தாய்களை ஒட்டிக் கன்னங்கரேலென்று குட்டிகள். தாய் கடலில் இறங்கி இரை தேடாமல் மூன்று வாரத்துக்கு மேல் பட்டினி கிடந்து பால் கொடுக்குமாம். என் மகள் அப்போது கைக்குழந்தை. அன்று ராத்திரி வீட்டுக்கு எழுதிய கடிதம் முழுக்க அந்தக் குட்டிகள்தான்.

2023-ல் அதே தீபகற்பத்தில் இந்த வைரஸால் சுமார் 17,000 குட்டிகள் செத்தன. அந்த ஆண்டு பிறந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குச் சில மாதம் முன்பு பெருவிலும் சிலியிலும் கடற்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. நோயுற்ற பறவையைத் தின்றிருக்கலாம் என்று அங்கே ஒரு காரணம் சொல்ல முடிந்தது. இந்தக் குட்டிகளோ தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காதவை. அப்படியானால் சீலிலிருந்து சீலுக்கே பரவியிருக்கிறது. வைரஸின் மரபணுவை ஆராய்ந்தவர்களும் பாலூட்டிகளுக்குள் தொற்றிப் பரவியதையே காட்டுகிறார்கள். அங்கிருந்து ஆலா என்ற கடற்பறவைகளுக்கும் அது திரும்பித் தாவியிருக்கிறது. இதே நோய் தாக்கிய, தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் மூன்று பெரிய கரைகளில், 2022-ல் ஈன வந்த பெண் சீல்களைவிட 2024-ல் 47 சதவீதம் குறைவு. இனி இதைப் பறவைக்கு வரும் நோய் என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாமா?

2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கியபோது, வெறுங்கையால் தண்ணீருக்குள் தள்ளியவர்களில் நானும் ஒருவன். நோய் என்ற நினைப்பே எங்களுக்கு அன்று இல்லை. அமெரிக்காவின் கேப் காட் கரையில் 1979-80-ல் இன்ஃப்ளூயன்சாவால் சீல்கள் நானூற்றுக்கு மேல் செத்தன. அவற்றை அறுத்துச் சோதித்தவர்களுக்குக் கண்ணில் அழற்சி வந்தது. அது வேறு வகை, எச்7என்7.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஓங்கிலோ (டால்பின்) ஆவுளியாவோ (கடற்பசு) கரை ஒதுங்கினால் வெறுங்கையால் தொடக் கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், புதைக்கும் முன் கால்நடை மருத்துவர் மாதிரி எடுக்க வேண்டும். இவ்வளவையும் நம் கடலோர மாவட்டப் பதிப்புகளில் ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர்,
தூத்துக்குடி