வளர்மதிக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள வளர்மதிக்கு,

இணையக் குற்றவாளிகளின் கணினிகளுக்குள் அரசே புகுந்து தாக்கலாமா என்று நீ போனில் கேட்டபோது, உன் அப்பா சற்றும் யோசிக்காமல் தாக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வேலைக்கே உன்னை அழைத்திருக்கிறார்கள் என்பதால், என் எண்ணத்தை எழுதியே சொல்ல விரும்புகிறேன்.

தாக்குவதே தவறு என்பது என் கட்சி அல்ல. 2021 ஜனவரியில் எட்டு நாடுகளின் அதிகாரிகள் ஒன்றுசேர்ந்து எமோடெட் என்ற கணினி வைரஸைப் பரப்பிய கும்பலின் சர்வர்களைக் கைப்பற்றினார்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., நீதிமன்ற அனுமதி பெற்று, 7 லட்சம் கணினிகளில் பரவியிருந்த க்வாக்பாட் என்ற வைரஸின் வலையை அறுத்தது. இரண்டு கும்பல்களும் பிறகு மீண்டும் தலைதூக்கின என்றாலும், அதற்காக அரசு கைகட்டி நின்றிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ., விண்டோஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை மைக்ரோசாஃப்டுக்குச் சொல்லாமல், தாக்குவதற்கான ஆயுதமாகப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. அந்த ஆயுதம் திருடுபோய், 2017 ஏப்ரலில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் கொட்டப்பட்டது. மே மாதம், அதைக் கொண்டு பரவும் வான்னாக்ரை வந்தது; கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் அது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நம் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கும், வயநாட்டின் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்துக்கும், ஆந்திராவில் சித்தூர்ப் பக்கத்துக் காவல் நிலையக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. வாளையாறு செக்போஸ்டில் லாரியை நிறுத்தலாம். இதை எங்கே நிறுத்துவது? ஈரானின் நதான்ஸ் அணு ஆலைக்கென்று செய்யப்பட்டு 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸும் இந்தியக் கணினிகள் வரை பரவியது.

நம் பால் சொசைட்டியில் கணினி நின்றுபோகும் காலைகளை நீயே பார்த்திருக்கிறாய், கண்ணு. கொழுப்பு எவ்வளவு, விலை எவ்வளவு என்று சொல்ல வழியின்றிச் செயலாளர் லிட்டரை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். கேனோடு நிற்கும் பெண்கள் அவர் போட்ட கணக்கை நம்பிக்கொண்டு வீடு திரும்புவார்கள். கணினியைப் புதுப்பித்துக் காக்கத் தனி ஆள் இல்லாத இத்தகைய இடங்களே, பெரிய அரசுகள் பதுக்கிய ஓட்டைகளால் முதலில் அடிவாங்குகின்றன.

ஆகவே, குற்றவாளியின் சர்வரை நீதிமன்ற உத்தரவோடு முடக்கும் பணி என்றால் மனநிறைவோடு போ. ஓட்டைகளைச் சேர்த்துவைக்கும் பணி என்றால், கையெழுத்திடும் முன் அவர்களிடம் கேள்: உங்கள் கைக்கு வரும் ஓட்டையை எத்தனை நாளில் அந்த மென்பொருள் நிறுவனத்துக்குத் தெரிவிப்பீர்கள், அதை முடிவு செய்பவர் யார், அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? எழுத்தில் பதில் தராவிட்டால் அந்த வேலை உனக்கு வேண்டாம். அப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா