புகார் வரவில்லை என்றால் ராகிங் இல்லை என்று அர்த்தமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எந்த முதல்வரைக் கேட்டாலும் "எங்கள் வளாகத்தில் ராகிங் அறவே கிடையாது, இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை" என்கிறார். புகார் வராதது உண்மையாகவே இருக்கலாம். அதே ஹாஸ்டலில், அதே சீனியர்களோடு வருஷக்கணக்கில் காலம் தள்ள வேண்டிய பையன் எந்தத் தைரியத்தில் எழுதிக் கொடுப்பான்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் என் அண்ணன் மகன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவான். ஆயுத பூஜை லீவுக்கு வந்தவனிடம் "மெஸ் சாப்பாடு எப்படிடா?" என்று சும்மா கேட்டேன். சட்டென்று எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தபடியே பதில் சொல்கிறான், சித்தப்பாவிடம்! சீனியர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாதாம், பார்வை அந்தப் பொத்தானிலேயே இருக்க வேண்டுமாம். அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் மற்றதும் வெளியே வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சீனியர்கள் முன்னால் நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் 'இன்ட்ரோ', சீனியர்களின் ரெக்கார்டு நோட்டை எழுதித் தருவது, வாட்ஸ்அப் குரூப்பில் கூப்பிட்டால் குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடுவது.

அண்ணன் கல்லூரிக்குப் போனார். முதல்வர் அறையில் நடந்தது விசாரணை இல்லை, பஞ்சாயத்து. அந்தப் பையன்களின் பெற்றோரையும் வரவழைத்து, "சின்னப் பசங்க, எதிர்காலம் கெட்டுவிடும்" என்று பேசி, "இனி இப்படி நடக்காது" என்று ஒரு கடிதம் எழுதி வாங்கி, எங்கள் பையனை அவர்களோடு கைகுலுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவன் படுத்தது அதே மாடியில், அதே சீனியர்களுக்கு நாலு அறை தள்ளி.

நான் கடலூர் மாவட்டத்துக்காரன். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவன் நாவரசு, ராகிங் செய்த சீனியர் ஒருவனால் கொல்லப்பட்டதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அவர் தந்தை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர், அவர் பிள்ளைக்கே அந்தக் கதி. அந்த சீனியரைக் கீழ்க்கோர்ட் தண்டித்து, உயர் நீதிமன்றம் விடுவித்து, கடைசியில் 2011-இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அந்தக் கொலைக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், குற்றம் உறுதியானால் கல்லூரியை விட்டு நீக்கம். "பழகத்தானே கூப்பிட்டோம், பயம் போகத்தானே பாடச் சொன்னோம்" என்பவர்கள் அதில் ராகிங் என்றால் என்ன என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கட்டும். ஒரு மாணவர் சாதாரணமாகத் தானே விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதே ராகிங்தான், அடித்தால்தான் என்றில்லை.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர், ராகிங்குக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்பட்டு அதே தண்டனைக்கு உள்ளாவார். அப்படியென்றால் அந்த சமரசக் கடிதத்துக்கு என்ன பெயர்?

அடுத்து யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு. இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்து இறந்ததும் 2009-இல் ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தார்கள். குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் கல்லூரியே போலீசில் எஃப்ஐஆர் பதிய வைக்க வேண்டும். வார்டனை எந்த நேரத்திலும் அணுக முடிய வேண்டும். முதல் மூன்று மாதம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, முதலாம் ஆண்டு மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக்கணிப்பு எடுக்க வேண்டும். எனக்கு இந்தக் கடைசி விதிதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பையன் புகார் எழுத வேண்டியதில்லை, யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய், யாருடைய ரெக்கார்டு எழுதினாய்" என்ற கேள்விக்கு எல்லோரோடும் சேர்ந்து ஒரு தாளில் பதில் எழுதிப் போட்டால் போதும், எந்த மாடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் பையனிடம் கேட்டேன், அப்படி ஒரு தாளை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் கொடுக்க வேண்டிய உறுதிமொழிப் பத்திரம் மட்டும் தவறாமல் வாங்கிவிட்டார்கள். அதையும் பிரவுசிங் சென்டர்காரரே டிக் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார், நாங்கள் படிக்கக்கூட இல்லை.

1800-180-5522 என்று ஓர் உதவி எண் இருக்கிறது, பெற்றோர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கூப்பிடலாம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. உங்கள் நிருபர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் "எத்தனை புகார் வந்தது" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்த வருஷம் கருத்துக்கணிப்பு எந்தெந்தத் தேதியில் எடுத்தீர்கள், தாளைக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். காட்ட முடியாத கல்லூரிகளின் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் சித்தப்பா,
விருத்தாசலம்.