மார்ச் வந்தாலே இந்தக் கூத்துதான் சுமதி

அடியே சுமதி,

நல்லாருக்கியா? அண்ணனுக்கு சுகர் குறைஞ்சுதா, அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா, எல்லாத்துக்கும் பதில் போடு. இங்க எல்லாரும் சௌக்கியம், இவருக்குத்தான் முதுகுவலி, நம்ம தேவகி மேடம் மாதிரியே நடக்குறார், நீ பாத்தா விழுந்து விழுந்து சிரிப்ப.

எழுத வந்தது வேற விஷயம்டி, மனசே ஆற மாட்டேங்குது. சின்னவளோட மியூசிக் டீச்சருக்கு பிங்க் ஸ்லிப் குடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் வேலை இருக்காதுன்னு முன்கூட்டியே கையில குடுக்குற நோட்டீஸ். போன ஆகஸ்ட்லதான் சேந்தா அந்தப் பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். ஸ்டோர் ரூம்ல தூசி படிஞ்சு கெடந்த சின்ன சைஸ் வயலினையெல்லாம் வெளிய எடுத்து, அறுந்த கம்பிய சொந்தக் காசுல மாத்தி, எந்த விரல் எங்க வரணும்னு ஒவ்வொண்ணுலயும் கலர் டேப் ஒட்டிக் குடுத்தவ. நம்ம சின்னவ நாலாங்கிளாஸ், ஆள் வந்தா ரூமுக்குள்ள ஓடி ஒளியிற ரகம்னு உனக்குத்தான் தெரியுமே, அவ போன மாசம் மேடை ஏறி வாசிச்சாடி!

சரியா சொல்லிக் குடுக்கலன்னு இந்த நோட்டீஸ் வரல, கடைசியா சேந்தவன்றதால வந்துச்சு. கலிஃபோர்னியால ஆள் குறைப்புன்னா பெரும்பாலும் சீனியாரிட்டிதான் கணக்கு. மார்ச் 15க்குள்ள நோட்டீஸ் குடுத்தாகணும், மே 15க்குள்ள முடிவச் சொல்லணும், அது சட்டம். ஆனா ஸ்டேட்லேர்ந்து வரப்போற பணம் எவ்வளவுன்னு மார்ச்ல யாருக்குடி தெரியும்? கவர்னர் ஜனவரில ஒரு கணக்கு சொல்வாரு, மே மாசம் நடுவுல அதையே திருத்துவாரு, சட்டசபைல பட்ஜெட் பாஸ் பண்ண ஜூன் 15 வரைக்கும் டைம் இருக்கு. அதனால ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்காரங்க, அதான் இங்க ஊர் ஸ்கூல்கள நடத்துற நிர்வாகம், எதுக்கும் இருக்கட்டும்னு தேவைக்கு மேலயே நோட்டீஸ் குடுத்துட்டு, அப்புறம் நெறைய பேருக்கு வாபஸ் வாங்குறாங்க. அதுக்குள்ள அந்தப் புள்ளைங்க வேற ஊருக்கோ வேற வேலைக்கோ கெளம்பிடுதுங்க. கடைசில பட்ஜெட்ல பெருசா வெட்டு விழலன்னாலும் போனவ போனவதானே? எனக்கு வயிறு எரியிறது இதுக்குத்தான்.

கோடீஸ்வரங்க இருக்குற ஊர்ல ஸ்கூலுக்கு என்னடி பஞ்சம்னு கேப்ப. இங்க முன்னாடியெல்லாம் அந்தந்த ஊர் சொத்து வரிலதான் பெரும்பாலும் ஸ்கூல் நடந்துச்சு. 1978ல ஜனங்களே ஓட்டுப் போட்டு ப்ராப் 13ன்னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. வரி 1 சதவீதம்தான், வீட்டோட மதிப்ப வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாது, வீடு கைமாறுற வரைக்கும் அப்படியே. அன்னையிலேர்ந்து ஸ்கூல்களோட குடுமி ஸ்டேட் கையில. ஸ்டேட்டோ பணக்காரங்க கட்டுற வருமான வரியதான் பெருசா நம்பியிருக்கு, ஷேர் மார்க்கெட் சரிஞ்சா இங்க துண்டு விழும். 1988ல ப்ராப் 98ன்னு ஒண்ணு போட்டு, ஸ்டேட்டோட பொது நிதில சுமார் 40 சதவீதம் கல்விக்குன்னு ஒரு காப்பு வச்சாங்க, ஆனா மொத்த வரவே சுருங்குனா அந்தப் பங்கும் சேந்துதானே சுருங்கும்?

இன்னொரு வித்தை இருக்கு, கேளு. ஜூன்ல தரவேண்டிய பணத்த ஜூலைல தருவாங்க. நிதியாண்டு ஜூன் 30ஓட முடியுதா, பேப்பர்ல இந்த வருஷச் செலவு குறைஞ்சிரும். ஸ்டேட் கணக்கு நேராயிடும், ஆனா சம்பளம் குடுக்கணுமே, டிஸ்ட்ரிக்ட் கடன் வாங்கி வட்டி கட்டும், அந்த வட்டியும் புள்ளைங்க பணம்தானே. 2008 சரிவுக்கப்புறம் இத வருஷக்கணக்கா பண்ணாங்க, கூடவே 180 நாள் ஸ்கூல 175 ஆக்கிக்கலாம்னு அனுமதியும் குடுத்தாங்க. 2012ல ப்ராப் 30 வந்து வரி ஏறினதுக்கப்புறம்தான் மூச்சு விட்டாங்க. கொரோனா சமயத்துல மத்திய அரசு குடுத்த பணத்துல நெறைய ஆள் எடுத்தாங்க, அதுவும் 2024 செப்டம்பரோட முடிஞ்சுது.

அதுலயும் பாரு, பாலோ ஆல்ட்டோ மாதிரி பணக்கார ஊர்கள்ல வீட்டு விலைக்கு வர்ற சொத்து வரியே, ஸ்கூலுக்கு இவ்வளவுன்னு ஸ்டேட் கணக்குப் போடுற தொகைய தாண்டிடும், அதனால ஸ்டேட் கைய இறுக்கினாலும் அவங்களுக்குப் பெரிய அடி இல்ல. கொஞ்ச தூரம் தள்ளியிருக்குற எங்களுக்கு மியூசிக், லைப்ரரி, கவுன்சிலர், இதெல்லாம்தான் மொதல்ல போகுது. ஒரே ஸ்டேட், ஒரே பாடம், என்னடி நியாயம் இது?

நீ இருபது வருஷமா கவர்ன்மென்ட் ஸ்கூல்ல கெடக்குற, பணம் மேலேர்ந்து வராம நிக்கிறது என்னன்னு நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. அமெரிக்காவுல அரசுப் பள்ளின்னா சொர்க்கம்னு மாலாகிட்ட அளந்து விட்டியாமே, அத மொதல்ல நிறுத்து!

செவ்வாக்கிழமை ஸ்கூல் போர்டு மீட்டிங். பெத்தவங்க ரெண்டு நிமிஷம் பேசலாம். நான் பேர் குடுத்துட்டேன், எதிர்வீட்டு மெக்சிகோ அம்மாவும் வர்றாங்க, ஸ்பானிஷ்ல பேசப்போறாங்க. வெட்டணும்னா மேலிடத்து கன்சல்டன்ட் செலவுலேர்ந்து ஆரம்பிங்க, வகுப்புல கை வைக்காதீங்கன்னு கேக்கப்போறேன். நீ ஆசிரியர் சங்கத்துல மைக் பிடிக்கிறவ, எத மொதல்ல சொல்லலாம்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுது. மாலா புது நம்பரையும் சேத்து அனுப்பு.

உன்
கலா