ஐந்து மைக்ரான் கணக்கு

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுத முடியாமல் போனதற்கு ஆய்வகத்தில் பட்ட பாடுதான் காரணம். காற்றிலிருந்து வைரஸைப் பிடிப்பதைவிட, பிடித்ததைச் சிதைக்காமல் வைத்துக்கொள்வதுதான் கடினம். காற்றை உறிஞ்சி வடிதாளில் மோதவிடும் கருவியில், மோதலாலும் உலர்ந்துபோவதாலும் வைரஸ் பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது. பிறகு கிடைக்கும் ஆர்.என்.ஏ.வை, அதாவது வைரஸின் மரபுப்பொருளை, மட்டும் வைத்து அது தொற்றக்கூடியதா என்று சொல்ல முடியாது. ஆகவே இப்போது துகள்களின்மேல் நீராவியைப் படியவைத்துப் பருக்கச் செய்து, மெல்லத் திரவத்தில் இறக்குகிறோம். போன வாரம் அந்தத் திரவத்தை விட்ட வளர்ப்புத் தட்டில் உயிருள்ள செல்கள் உருண்டு திரண்டு, அடித்தளத்திலிருந்து பெயர்ந்து மிதப்பதை முதன்முறையாகப் பார்த்தேன். அதாவது, நாங்கள் பிடித்த வைரஸ் வேலை செய்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இருமலில் தெறிப்பவை ஆறடிக்குள் விழுந்துவிடும் என்றுதானே சொன்னார்கள் என்று நீ கேட்டிருந்தாய். பெரிய துளிகள் விழுந்துவிடும், உண்மைதான். ஆனால் எது பெரிது என்பதில்தான் வம்பு. ஏறத்தாழ 100 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துளிகள் தரையைத் தொடுமுன் உலர்ந்து மிதக்கத் தொடங்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் 1934இலேயே கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் வந்த காசநோய் ஆய்வுகளிலோ, நுரையீரலின் ஆழம்வரை செல்லும் துகள் 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. நுரையீரலுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கான அந்த அளவை, காற்றில் மிதக்குமா என்பதற்கான அளவாகப் பாடநூல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அசையாத காற்றில் 5 மைக்ரான் துகள் ஒன்று ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கவே அரை மணி நேரம் ஆகும் என்பதை யாராவது ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்!

இதற்கு நாம் கொடுத்த விலை சிறிதல்ல. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் கூடிப் பாடினார்கள். அவர்களில் ஒருவருக்கு நோய்க்குறி இருந்தது. அவரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் இறந்தார்கள். அந்த மாத இறுதியிலும் உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவாது என்றே அறிவித்தது. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் அதற்கு எதிராகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. எச்சரிக்கை என்ற பெயரில் காட்டப்பட்ட அந்தத் தயக்கத்தை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

உன் வகுப்பறைச் சன்னல்களைத் திறந்துவைத்தால் போதுமா என்ற கேள்விக்கு இங்கிருந்தபடி பதில் சொல்ல இயலாது. கார்பன் டை ஆக்சைடு அளவி ஒன்றை அனுப்புகிறேன். அது வைரஸைக் காட்டாது; பிறர் விட்ட மூச்சு அறைக்குள் எவ்வளவு தேங்குகிறது என்பதைக் காட்டும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். சன்னலைச் சாத்தி ஒரு பாடவேளை, திறந்து ஒரு பாடவேளை எனக் குறித்து, மாணவர் எண்ணிக்கையோடு எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்